மாரியாயி சுமந்த மண்

மாரியாயியின் வயதைக் கேட்டால், "காப்பி செத்த வருஷம் எனக்குக் கலியாணம்" என்பாள். மீதியை நாமே கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். முசிறிப் பக்கத்திலிருந்து தாயின் இடுப்பில் உட்கார்ந்து கண்டிச் சீமைக்கு வந்தவள். ஆறு வயதில் காப்பிப்பழம் பொறுக்குவதற்காகப் பெரட்டில் நின்றாள். பெரட்டு என்பது விடிவதற்கு முன்னே தப்படித்து ஆட்களை எழுப்பி, வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கிற இடம். அங்கே ஒருவர் சாகும்வரை நிற்கலாம். உட்கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் அவள் அங்கே நின்றாள். காப்பி நோய் கண்டு அழிந்தது, தேயிலை வந்தது, துரைமார் மாறினார்கள், பெரட்டு மட்டும் மாறவில்லை. புருஷன் சடையனுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி வேண்டும். அவன் வேலை முடிந்த பிறகு துரைமார் குதிரைகளுக்குப் புல் வெட்டி விற்றான். அவள் காதில் தொங்கிய தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, தோட்டத்து எல்லையை ஒட்டிய சரிவில் அரை ஏக்கர் வாங்கினார்கள். மகள் பூவம்மாவுக்கு அப்போது மூன்று வயது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறிய அன்று மாரியாயி ஒரு வார்த்தை சொன்னாள்: "எம் மக பெரட்டுல நிக்கமாட்டா." பிறகு அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி சொன்னால் மீதியைக் கேட்கிறவர்களே முடித்துவைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

முட்டைக்கோஸ் போட்டார்கள், போஞ்சி போட்டார்கள், கிழங்கு போட்டார்கள். விளைந்ததைப் பண்டாரவளையில் ஹாஷிம் என்ற கடைக்காரர் வாங்கி ரயிலில் கொழும்புக்கு அனுப்பினார். பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையில் வெளிச்சம் வந்த பிறகு எழுந்திருக்கலாம். மாரியாயிக்கு அதுவே ராஜபோகம்.

சடையன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது பூவம்மாவுக்குப் பத்து வயது. புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். கோடி வராதவள் நாதியற்றவள். மாரியாயியின் பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பதினாறாம் நாள், கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தோட்டத்து ராமாமிர்தம் கங்காணி கையில் புதுச்சேலையோடு வந்து நின்றார். "ஒரே ஊர்த் தண்ணி குடிச்சவுங்க நாம. இனிமே நாந்தான் ஒனக்கு அண்ணன்" என்று சொல்லிச் சேலையைப் போட்டார். மாரியாயி அவர் காலில் விழுந்து அழுதாள். புருஷனுக்காக அழுததைவிட அதிகமாகவே அழுதாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அன்று முதல் அவர் அண்ணன், அவள் தங்கச்சி. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு முதல் பூசணிக்காய் போகும். அவருக்கு அவள் காணிக்குக் கீழேயே ஒரு துண்டு நிலம் இருந்தது. வாங்கிப் போட்டதோடு சரி. கல்லும் களையும்தான் அங்கே விளைச்சல். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிக் கடிகாரச் சங்கிலியுமாக நடக்கிற கங்காணிக்கு மண்வெட்டி பிடிக்க நேரம் ஏது?

பூவம்மாவுக்குப் பதினாறு வயது நடந்த மார்கழியில், பதினோரு நாள் மழை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது மேலே தேயிலைச் சரிவு உறுமியது. தாயும் மகளும் வெளியே ஓடி வந்ததற்கும், மலையில் பாதி இறங்கி வந்து அவர்கள் காணியில் படுத்துக்கொண்டதற்கும் சரியாக இருந்தது. குடிசை தப்பியது. முட்டைக்கோசும் போஞ்சியும் முழங்கால் உயரச் சேற்றுக்கும் கல்லுக்கும் அடியில் போயின. தோட்டத்துத் தேயிலைச் செடிகள் வேரோடு வந்து தலைகீழாக நின்றன. காணியின் கீழ்க்கரையில் சடையன் கட்டிவைத்த கல்கட்டு மட்டும் அசையாமல் நின்று மண்ணைத் தடுத்திருந்தது. அதனால் கங்காணியின் நிலத்தில் ஒரு பிடி சேறுகூட விழவில்லை.

மாரியாயி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அடுத்த விளைச்சல்வரை சாப்பிட என்ன இருக்கிறது? விற்பதற்குக் காதிலும் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. மேலே லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலைந்து நாளில் தோட்டத்துக் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பதுளைக் கச்சேரியிலிருந்து, அதாவது மாகாணத்துக்கே பெரிய துரையான ஏஜண்டு துரையின் அலுவலகத்திலிருந்து வந்தது. மாரியாயிக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர் அண்ணன் இருக்கிறாரே! அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள்.

கங்காணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீசை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மழையில காணி போன ஆளுகளுக்கு சர்க்கார்ல காசு குடுக்கப் போறாங்களாம், தங்கச்சி. மூடிப்போன காணிக்கு முப்பத்தஞ்சு ரூபா வரைக்கும் கெடைக்கும். தை கடைசியில துரை நேர்ல வந்து ஒவ்வொரு காணியாப் பாத்து எழுதிக்கிட்டுப் போவாராம்."

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாண்ணே!"

"பொறு, பொறு. முழுசாக் கேளு. துரைமாரு கொணம் ஒனக்குத் தெரியாததா? காடாப் போட்டு வச்சிருந்தா, சோம்பேறிக் கழுதை, இவளுக்குக் குடுத்து என்ன பிரயோசனம்னு போயிருவாரு. மண்ணை அள்ளி, பாத்தி கட்டி, பச்சை தெரிய வச்சிருக்கணும். அப்படித்தான் போட்டிருக்கு."

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சேதத்தைப் பார்க்க வருகிறவருக்குச் சேதத்தையல்லவா காட்ட வேண்டும்? ஆனால் மாரியாயி இருபத்திரண்டு வருஷம் தோட்டத்தில் உழைத்தவள். துரை வருகிறார் என்றால் லயத்து வாசலைக் கூட்ட வேண்டும், வடிகால் கானில் சுண்ணாம்புத்தூள் போட வேண்டும், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து ஒளித்துவைக்க வேண்டும். ஒரு செடியடியில் களை தெரிந்தாலும் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அழுக்கைப் பார்த்துக் காசு கொடுக்கிற துரையை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. அண்ணன் சொன்னது அவளுக்கு நோட்டீஸைவிட நியாயமாகப் பட்டது.

"அவ்வளவு மண்ணையும் அள்ளி எங்கண்ணே கொட்டுறது? ஆத்துல கொட்டுனா ஊரு அதிகாரி ஆராச்சி அபராதம் போடுவாரே."

கங்காணி கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்றுதான் அன்று அவள் நினைத்தாள்.

"கீழ எந் தரை சும்மாதானே கெடக்கு? அதுல கொட்டிக்க."

"ஒங்க நெலம் பாழாப் போயிருமேண்ணே."

"போனாப் போவுது. கூடப்பொறந்தவளுக்கு இல்லாத நெலம் எனக்கு எதுக்கு? ஒரே எடத்துல குவிக்காத, நல்லாப் பரத்திக் கொட்டு. மம்பட்டி ரெண்டு குடுத்து விடுறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்!

பத்தொன்பது நாள் சுமந்தார்கள். தாய் வெட்டுவாள், மகள் கூடையில் அள்ளுவாள். இரண்டு பேரும் தலையில் தூக்கிக்கொண்டு கல்கட்டைத் தாண்டி இறங்கிப்போய்க் கொட்டிவிட்டு ஏறி வருவார்கள். பூவம்மாவின் உச்சந்தலையில் மயிர் கொட்டியது. மாரியாயிக்கு இரண்டு கையிலும் தோல் உரிந்து, மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். தைப்பொங்கலன்று ஒரு பொழுது மட்டும் நிறுத்தினார்கள். கங்காணி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து தன் நிலத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில கொஞ்சம் கொறையுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். வேரோடு வந்த தேயிலைச் செடிகளையும் அங்கேயே போடச் சொன்னார். போட்டார்கள்.

சேற்றை வழித்தபோது அடியிலிருந்த கறுப்பு மண்ணும் சேர்ந்து போனது. பதின்மூன்று வருஷம் சாணி போட்டு, சருகு போட்டு வளர்த்த மண். சுத்தம், சுத்தம் என்று வழித்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. பண்டாரவளைக்குப் போய் ஹாஷிமிடம் கடனாக நாற்று வாங்கி வந்தாள். பாத்தி கட்டி நட்டாள். துரை வருகிற அன்று காலை பாதையைக் கூட்டி, குடிசைக்கு முன்னால் கோலமும் போட்டாள்.

துரை குதிரையில் வந்தார். பின்னால் கச்சேரிக் கிளாக்கர் சிதம்பரநாதன் குடையும் புத்தகமுமாக மூச்சிரைக்க ஏறி வந்தார். துரை காணியைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், சிரித்தார், என்னவோ சொன்னார்.

கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். "உம்மட காணி மாதிரி ஒரு காணி இந்தப் பக்கத்தில இல்லையெண்டு துரை சொல்லுறார்" என்றார்.

மாரியாயி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். துரை எழுதினார். எழுதியதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். முப்பத்தைந்து ரூபாயில் முதலில் ஹாஷிம் கடனை அடைப்பதா, மகளுக்கு ஒரு சேலை எடுப்பதா என்று அவள் மனம் அலைந்துகொண்டிருந்தது.

துரை கீழே இறங்கிக் கங்காணியின் நிலத்துக்குப் போனார். அங்கே ராமாமிர்தம் கோட்டு இல்லாமல், தலைப்பாகை இல்லாமல், கிழிந்த சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு சேற்றுக்கு நடுவில் நின்றார். துரைக்கு முன்னால் எவ்வளவு அடக்கம் பாரேன் என்று மாரியாயி மகளிடம் பெருமையாகச் சொன்னாள். துரை பிரம்பைச் சேற்றில் குத்தி ஆழம் பார்த்தார். தலைகீழாகக் கிடந்த தேயிலைச் செடியைக் காலால் புரட்டினார். வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

மாசிக் கடைசியில் பதுளைக் கச்சேரிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. தாயும் மகளும் பத்து மைல் நடந்து போனார்கள். வராந்தாவில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கிளாக்கர் பேர் வாசித்தார். வெலிமடைப் பக்கத்து ஆட்கள் போய் வாங்கினார்கள். பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள் போய் வாங்கினார்கள். ராமாமிர்தம் கங்காணியின் பேர் வந்தது. அவர் கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை. அழகாகக் கையெழுத்துப் போட்டு முப்பத்தைந்து ரூபாயை வாங்கி மடியில் வைத்தார். அண்ணனுக்கும் கிடைத்ததே என்று மாரியாயி சந்தோஷப்பட்டாள். நடந்தது இதுதான்: அந்த நொடிவரை அவள் சந்தோஷப்பட்டாள்.

பட்டியல் முடிந்தது. அவள் பேர் வரவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எம் பேரு விட்டுப்போச்சுங்க ஐயா. மாரியாயி. கோலம் போட்டிருந்தேனே, துரைகூட மெச்சுனாரே."

கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டினார். "ஓம், இருக்குது. 'காணி மிக நல்ல நிலையில் இருக்கிறது. சேதம் ஒன்றுமில்லை.' சேதம் இல்லாத ஆளுக்கு எப்பிடிக் காசு தாறது?"

"சேதமில்லையா? மலையே வந்து விழுந்துச்சுங்களே!"

"அப்ப அந்த மண் எங்கை?"

மாரியாயி திரும்பிக் கங்காணியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அந்த மண்ணுதாங்க இந்த மண்ணு! இவரு நெலத்துல கெடக்குறது எம் மண்ணு. நானும் எம் மகளும் பத்தொம்பது நாளு தலையில சொமந்து கொட்டுனோம். இவருதான் கொட்டச் சொன்னாரு!"

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. உள்ளேயிருந்து துரை என்ன சத்தம் என்று கேட்டார். கிளாக்கர் போய்ச் சொன்னார், திரும்பி வந்தார்.

"துரை கேக்கிறார், ஒருத்தற்ர காணியில நீர் மண்ணைக் கொட்டி நாசமாக்கினதெண்டால், குற்றம் ஆரிலை? உமக்கு மேலை வழக்குப் போடலாம் எண்டு சொல்லுறார். பேசாமல் வீட்டை போம்."

கங்காணி அப்போதுதான் வாயைத் திறந்தார். முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்கங்க ஐயா. எந் தங்கச்சிதான். புருஷன் போனதுலேருந்து இவளுக்கு அப்பப்ப மனசு நெலையா இருக்காது. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

முப்பத்தைந்து ரூபாய் போனதுகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை. பைத்தியக்காரி என்று இருநூறு பேருக்கு முன்னால் சொன்னாரே, அதையும் தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொன்னாரே! பூவம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ரோட்டில் கங்காணி பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. ஒன் காசையா நான் எடுத்தேன்? சர்க்கார் காசு. எனக்கும் மூணு பொட்டப்புள்ளைங்க இருக்கு. இந்தா, அஞ்சு ரூபா வச்சுக்க" என்று நீட்டினார்.

"அந்த நோட்டீசுல என்ன எழுதியிருந்துச்சுண்ணே?" என்று கேட்டாள் மாரியாயி.

"சொன்னேனே."

அவள் காசைத் தொடாமல் நடந்தாள். நேரே பண்டாரவளைக்குத்தான் போனாள். ஹாஷிம் கடைக் கதவிலும் அதே நோட்டீஸ் ஒட்டியிருந்தது; மழையில் பாதி கிழிந்து கிடந்தது. "ஹாஷிம் நானா, இத எனக்கு ஒரு எழுத்து விடாம வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

ஹாஷிம் தராசை வைத்துவிட்டு வந்து விரல் வைத்து வாசித்தார். மூடிப்போன காணி, முப்பத்தைந்து ரூபாய், தை மாதக் கடைசி. எல்லாம் அண்ணன் சொன்னபடியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"தொரை வந்து பாக்கும்வரைக்கும் மண்ணத் தொடப்படாது, பயிர் வைக்கப்படாது எண்டு எழுதி ஈக்குது. மண்ணை எடுத்த காணிக்கு ஒதவி இல்லையாம். நீங்க நாத்து கேட்டு வந்தப்போ, அவங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க எண்டுதானே நான் நெனச்சேன், மாரியாயி. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கப்படாதா?"

கேட்டிருக்கலாம். வாசித்துச் சொல்ல அண்ணன் இருக்கும்போது ஊரான் வீட்டில் போய்க் கேட்பானேன் என்று இருந்துவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பங்குனி வெயிலில் நாற்று வதங்கியது. கறுப்பு மண் போன தரையில் முட்டைக்கோஸ் இலை விட்டதே தவிர உருண்டை பிடிக்கவில்லை. கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குமேல் போகவில்லை. ஹாஷிம் கடனைக் கேட்கவில்லை; அதற்காக இன்னும் கொடுக்க அவரால் முடியுமா? சித்திரையில் இரண்டு பேரும் ஒரு வேளைக் கஞ்சிக்கு வந்தார்கள். வைகாசியில் அதுவும் நீராகக் கரைந்தது. ஒருநாள் பூவம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கப்போய்க் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மட்டும் போறேன். நீ இங்கயே இரு" என்றாள் மாரியாயி.

"ஒனக்கு வயசாயிருச்சுன்னு அரைப்பேருதான் போடுவாங்க. அதுல ரெண்டு பேரு திங்க முடியுமாம்மா? நானும் வாறேன்."

"நீ நிக்கக்கூடாதுடி. நான் சொல்லியிருக்கேன்."

"சொன்ன சரி. சோறு?"

மகள் சொன்னதில் கோபம்கூட இல்லை, அதுதான் மாரியாயியைக் கொன்றது.

திங்கட்கிழமை தப்பு அடித்தபோது இரண்டு பேரும் பெரட்டில் நின்றார்கள். ராமாமிர்தம் கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக லாந்தரைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்து வந்தார். இவர்களிடம் வந்ததும் நின்றார். முகத்தில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"வந்துட்டியா தங்கச்சி? நல்லதாப் போச்சு. நான் இருக்குறப்போ நீ பட்டினி கெடக்கலாமா? புள்ளைக்கு முழுப்பேரு, ஒனக்கு அரைப்பேரு. லயத்துல இருக்கக் காம்பராவும் பாத்துத் தர்றேன்" என்றவர், கணக்குப்பிள்ளைப் பக்கம் திரும்பி, "கான் வெட்டுல எழுதுங்க" என்றார். கான் வெட்டு என்றால் தோட்டத்துக்கு வடிகால் வெட்டுகிற வேலை. அப்படித்தான் புத்தகத்தில் ஏறியது.

விடிந்ததும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் போன இடம் தோட்டத்துக் கான் இல்லை. அவருடைய நிலம். துரை காசு கொடுத்தது மண்ணை அள்ளுவதற்குத்தானே! அள்ளுகிறவர்களுக்குக் கூலி தோட்டத்திலிருந்து வரும். காசு அப்படியே மடியில் இருக்கும். மனுஷன் மூளைக்காரர், அதை யாரும் மறுக்க முடியாது. மற்ற நாலு பேரும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அம்மா அழப்போகிறாள் என்று பூவம்மா பயந்துபோய்ப் பார்த்தாள்.

மாரியாயி அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள், மண்வெட்டியால் முதல் வெட்டு வெட்டிக் கூடையை நிரப்பினாள், தலையில் ஏற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க கொட்டணும், கங்காணி?"

அவருக்கு முதலில் காதில் விழுந்தது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வேலை செய்துகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன தங்கச்சி இது, புதுசாக் கங்காணிங்கிற?"

"பேரு போட்டாச்சில்ல. அரைப்பேருக்கு எவ்வளவு மண்ணுன்னு சொல்லுங்க கங்காணி, சொமக்கிறேன். வேற பேச்சு வேணாம்."

கங்காணி கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடையிலிருந்து சேற்றுத் தண்ணீர் கன்னத்தில் வழிய, மாரியாயி அவர் சொல்லும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.